ஓவன் இல்லாமல் கேரமல் கஸ்டர்ட்: இட்லிப் பானையில் ஏன் ஓட்டை விழுகிறது?

வியாசை அம்மு:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பம் வருகிறது. எங்கள் வீட்டு ஆட்களையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். பிரியாணி வீட்டுக்காரர் பொறுப்பு. வழக்கமான பிரெட் அல்வா வேண்டாம், கேரமல் கஸ்டர்ட் (கருக்கிய சர்க்கரைப் பாகின் மேல் பாலும் முட்டையும் ஊற்றி உறைய வைத்துக் கவிழ்ப்பது) செய்கிறேன் என்று நான் வாயைக் கொடுத்துவிட்டேன். ஓவன் கிடையாது. கேஸ் அடுப்பு, இட்லிப் பானை, ஐந்து லிட்டர் குக்கர், இவ்வளவுதான்.

ஒத்திகை பார்த்தேன். அரை லிட்டர் பால், மூன்று முட்டை, மிக்ஸியில் ஒரு சுற்று. பெரிய எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி இட்லிப் பானையில் முக்கால் மணி நேரம். வெட்டினால் உள்ளே முழுக்க ஓட்டை. தட்டில் தண்ணீர் விட்டிருந்தது. கவுச்சி வேறு. யூடியூபில் ஒருவர் 15 நிமிடம் என்கிறார், இன்னொருவர் 45 நிமிடம் என்கிறார். யாரை நம்புவது? அரை லிட்டருக்கு எத்தனை முட்டை? தீ எவ்வளவு வைக்க வேண்டும்? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை தம்பி:

அக்கா, எதுக்கு இவ்வளவு பாடு? கஸ்டர்ட் பவுடர் ஒரு பாக்கெட் வாங்கி, பாலில் கரைத்துக் காய்ச்சி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மேலே மாதுளை தூவினால் நாத்தனார் காலி.

கொருக்குப்பேட்டை கெமிஸ்ட்:

தம்பி, அது வேறு பண்டம். கஸ்டர்ட் பவுடர் என்பது சோள மாவும் வெனிலா வாசனையும் மஞ்சள் நிறமும்தான். 1837-இல் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர், மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால் முட்டை இல்லாமல் செய்து கண்டுபிடித்தது. பழக் கலவைக்கு ஊற்ற நன்றாக இருக்கும். அம்மு கேட்பது முட்டையால் உறைகிற கஸ்டர்ட்.

அம்மு, உங்கள் டப்பாவுக்குள் நடந்ததைச் சொல்கிறேன். முட்டையின் வெள்ளைக்கரு 60 டிகிரியைத் தாண்டியதும் இறுக ஆரம்பிக்கும். மஞ்சள் கரு 65 முதல் 70. பாலும் சர்க்கரையும் சேர்ந்துவிட்டால் அந்தப் புரதங்கள் விலகி நிற்கின்றன, உறைவதற்கு இன்னும் கூடுதல் சூடு தேவைப்படுகிறது. கஸ்டர்ட் கலவை ஏறத்தாழ 80 டிகிரியில் உறையும். 85-ஐத் தாண்டிப் போனால் புரதம் அளவுக்கு மீறி இறுகி, தன்னிடம் இருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். தட்டில் நீங்கள் பார்த்தது அந்த நீர்தான். இட்லிப் பானையின் ஆவி 100 டிகிரி. இட்லிக்கு அது வேண்டும். கஸ்டர்டுக்கு முக்கால் மணி நேரம் அந்தச் சூடு என்றால் நடுப்பகுதி வேகும் முன் ஓரம் செத்துவிடும்.

ஓட்டையில் இரண்டு ரகம் உண்டு. மேற்பரப்பில் மட்டும் பொடிப் பொடியாக இருந்தால் அது நுரை, மிக்ஸி வேலை. ஓரத்திலும் அடியிலும் உள்ளே வரைக்கும் இருந்தால் கலவை கொதித்திருக்கிறது. உங்களுக்கு இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறது போல.

15 நிமிடமும் சரி, 45 நிமிடமும் சரி. முதல் ஆள் சின்னக் கிண்ணத்தில் வைத்திருப்பார், இரண்டாம் ஆள் ஒரே பாத்திரத்தில் வைத்திருப்பார். எந்தப் பாத்திரம் என்று சொல்லாமல் நேரத்தை மட்டும் சொல்கிற வீடியோவை நம்பவே வேண்டாம்.

பெரம்பூர் லோகோ:

அம்மா, நான் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் நிறைய. பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேரமல் கஸ்டர்ட் செய்வார்கள், ஓவன் இல்லாத காலத்திலேயே. பிள்ளைகளோடு ஆஸ்திரேலியா போகும் முன் என் மனைவிக்கு அளவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அது இதோ.

பால் அரை லிட்டர், ஒரு பாக்கெட். ஆவின் ஆரஞ்சு வாங்குங்கள், அதில் கொழுப்பு 6 சதவீதம். நீலப் பாக்கெட்டில் 3 சதவீதம்தான், அதிலும் உறையும், ஆனால் வாயில் வைத்தால் வெறிச்சென்று இருக்கும். முட்டை நான்கு. கவிழ்த்து நிற்க வேண்டும் என்றால் நான்கு வேண்டும். கிண்ணத்தோடு ஸ்பூன் போட்டுச் சாப்பிடுவதானால் மூன்று போதும். சர்க்கரை 80 கிராம், அதாவது தலை தட்டிய மேசைக்கரண்டியால் ஆறு. ஒரு சிட்டிகை உப்பு. வெனிலா ஒரு டீஸ்பூன்.

பாலைச் சர்க்கரையோடு சேர்த்து ஆவி வரும்வரை சூடு பண்ணுங்கள், பொங்க விடாதீர்கள். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும். முட்டையை முள்கரண்டியால் உடைத்து உடைத்துக் கலக்குங்கள், அடிக்காதீர்கள். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக முட்டையில் ஊற்றிக் கலந்து, டீ வடிகட்டியால் வடிகட்டுங்கள். முட்டையில் வெள்ளைக் கயிறு ஒன்று இருக்கும் பாருங்கள், அது வடிகட்டியில் நின்றுவிடும். நிறையப் பேர் சோம்பேறித்தனப்பட்டு இதைத்தான் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் வாயில் தட்டுப்படுகிறது என்று முகம் சுளிக்கிறார்கள். வடிகட்டியதைக் கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். நுரை மேலே வந்து நிற்கும், ஸ்பூனால் எடுத்துவிடலாம்.

இனி கேரமல். நிறையப் பேர் கஸ்டர்டைப் பற்றியே கவலைப்படுவார்கள், எனக்குக் கேட்டால் பாதி ருசி கேரமலில்தான். வெள்ளையாகத் தெரிகிற எவர்சில்வர் பாத்திரமாக எடுங்கள். கறுப்பு நான்ஸ்டிக்கில் நிறம் தெரியாது. 100 கிராம் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு. கரைந்து கொதி வந்தபின் கரண்டி போடவே கூடாது. கிளறினால் ஓரத்தில் படிந்த சர்க்கரை உள்ளே விழுந்து மொத்தமும் மணல் மணலாகப் பூத்துவிடும். பாத்திரத்தை மட்டும் லேசாகச் சுழற்றுங்கள். முதலில் பெரிய பெரிய குமிழாக வரும், எந்த நிறமும் இருக்காது. அப்புறம் குமிழ் சின்னதாகி, ஒரு மூலையில் மட்டும் மஞ்சள் தட்டும். அந்த நேரத்தில் போன் அடித்தால் எடுக்காதீர்கள். மஞ்சள் பொன்னாகி, பொன் செம்பழுப்பாக ஒரு நிமிடம்கூட ஆகாது. லேசான புகை ஒரு இழை கிளம்பும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும். பாத்திரத்தின் சூட்டிலேயே இன்னும் ஒரு படி கறுக்கும். அதனால் வேண்டிய நிறத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கினால் கணக்கு சரியாக வரும்.

கசப்பு லேசாக இருக்கத்தான் வேண்டும். வெளிர் மஞ்சளிலேயே இறக்கினால் அது வெறும் சர்க்கரைப் பாகு.

உடனே கிண்ணங்களில் ஊற்றிச் சுழற்றுங்கள். கிண்ணத்தைத் துணியால் பிடித்துக்கொள்ளுங்கள். கேரமலின் சூடு 170 டிகிரிக்குப் பக்கம், தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு விடாது. பேரப் பிள்ளைகள் இருந்தால் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள். ஆறும்போது படக் படக்கென்று சத்தம் வரும், கிண்ணம் உடைகிறதோ என்று பயப்பட வேண்டாம், அது கேரமல் விரிசல் விடுகிற சத்தம்.

வியாசை அம்மு:

அங்கிள், இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். உப்பு எதற்கு? இனிப்பை எடுத்துக் காட்டவா?

கொருக்குப்பேட்டை கெமிஸ்ட்:

அதற்கும்தான். ஆனால் உறைவதிலும் உப்புக்குப் பங்கு உண்டு. முட்டையை வெறும் தண்ணீரில் கலந்து வேக வைத்துப் பாருங்கள், ஒழுங்காகச் சேர்ந்து நிற்காது, திட்டுத் திட்டாகப் பிரியும். பாலில் இருக்கிற கால்சியமும் மற்ற உப்புகளும்தான் புரதங்கள் ஒன்றையொன்று நெருங்கிப் பிடித்துக்கொள்ள உதவுகின்றன. பாலிலேயே போதுமானது இருப்பதால் சிட்டிகை உப்பு கட்டாயமில்லை.

சர்க்கரையைக் குறைக்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சர்க்கரை கூடினால் உறையும் வெப்பமும் கூடும், கஸ்டர்டும் மெத்தென்று வரும். குறைத்தால் சீக்கிரம் உறைந்து கெட்டியாகும். அதனால் பாதியாகக் குறைத்துவிட்டு அதே நேரம் அடுப்பில் வைத்தால் பிரச்சினை.

ராயபுரம் ஓவன்காரன்:

தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். மன்னிக்கவும், ஆவியில் வைப்பது ஓவனில் சுடுகிற பேக்டு கஸ்டர்ட் ஆகாது. ஓடிஜி (மேசையில் வைக்கிற சின்ன மின்சார ஓவன்) இருந்தால் வேலை மிச்சம். 160 டிகிரி, மேலும் கீழும் கம்பி, ஃபேன் வேண்டாம். ஆழமான தட்டில் மடித்த துணி விரித்து அதன்மேல் கிண்ணங்கள். கிண்ணத்தின் பாதி உயரம் வரை சுடுதண்ணீர். சின்னக் கிண்ணத்துக்கு 35 முதல் 45 நிமிடம். தண்ணீர் 100 டிகிரிக்கு மேலே போகாது, மேற்பரப்பு ஆவியாகிக்கொண்டே இருப்பதால் தட்டுத் தண்ணீர் அந்த அளவுகூட ஏறாது. பக்கச் சுவர் பாதுகாப்பாக இருக்கும். ஓவனின் வறண்ட காற்று மேலே மெல்லிய தோல் கட்டும், அதுதான் பேக் செய்ததன் அடையாளம்.

எங்கள் ராயபுரத்தில் பார்சி அக்னிக் கோயில் இருக்கிறது தெரியுமா? 1910-இல் வந்தது. அவர்கள் கல்யாண விருந்தில் லகன் நு கஸ்டர்ட் என்று ஒன்று வைப்பார்கள். பாலைச் சுண்டக் காய்ச்சி, முட்டை, ஏலக்காய், ஜாதிக்காய் சேர்த்து, மேலே பாதாமோ சாரப்பருப்போ தூவி, செம்பழுப்பு நிறம் ஏறும் வரை ஓவனில் சுடுவார்கள். கவிழ்க்கிற வேலையே இல்லை, துண்டு போட்டுப் பரிமாறலாம். கேரமல் பயம் உள்ளவர்கள் அதைச் செய்து பார்க்கலாம். அதை இட்லிப் பானையில் செய்ய முடியுமா சொல்லுங்கள் பார்ப்போம்.

தண்டையார்பேட்டை தம்பி:

அண்ணே, அக்கா முதல் வரியிலேயே ஓவன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் வாங்கித் தருகிறீர்களா?

மண்ணடி மருமகள்:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். ஓவன்காரத் தம்பிக்கு ஒரு வார்த்தை. நான் பிறந்தது கீழக்கரை, வாழ்க்கைப்பட்டது மண்ணடி. எங்கள் பக்கம் பெருநாளைக்கும் கல்யாணத்துக்கும் வட்டிலப்பம் இல்லாமல் சஹன் (பலர் சேர்ந்து சாப்பிடுகிற பெரிய தட்டு) நிறையாது. முட்டை, கெட்டித் தேங்காய்ப்பால், கருப்பட்டி அல்லது மண்டை வெல்லம், ஏலக்காய். இலங்கையிலும் இதே பண்டம்தான், அங்கே கித்துல் கருப்பட்டி போடுவார்கள். எல்லாமே ஆவியில்தான் வேகிறது. கஸ்டர்ட் குடும்பத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அம்மு, ஆவி வேலை எங்களுக்குக் கை வந்தது, அதனால் சொல்கிறேன்.

பானையில் தண்ணீர் கொதி வந்ததும் தீயைச் சுத்தமாகக் குறையுங்கள். சின்ன பர்னர், அதிலும் சிம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிற சத்தம் வெளியே கேட்கக் கூடாது. மூடிக்கும் பானைக்கும் நடுவில் ஒரு கரண்டிக் காம்பைச் செருகி வையுங்கள். அந்த இடுக்கு வழியாக ஆவி கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கும், உள்ளே சூடு தலைக்கேறாது. மூடியின் உட்பக்கம் வெள்ளைத் துணியைக் கட்டி நுனிகளை மேலே முடிந்துவிடுங்கள், இல்லையென்றால் மூடியில் கோத்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்து மேற்பரப்பைக் குழி பண்ணும். கிண்ணத்தின் மேலே தனியாக அலுமினியத் தாளும் மூடலாம். இரண்டும் செய்தால் நிம்மதி.

பதம் பார்ப்பது கண்ணாலேயே. கிண்ணத்தை லேசாகத் தட்டுங்கள். ஓரம் அசையக் கூடாது. நடுவில் ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு மட்டும் ததும்ப வேண்டும். மொத்தக் கிண்ணமும் அலை அடித்தால் இன்னும் இரண்டு மூன்று நிமிடம். நடுவும் கல்லாக நின்றுவிட்டால் நேரம் தாண்டிவிட்டது. ததும்பும்போதே வெளியே எடுத்து வையுங்கள், கிண்ணத்துச் சூட்டில் மிச்சம் உறைந்துவிடும். பானைக்குள்ளேயே அடுப்பை அணைத்து விட்டுவிட்டால் வேகுதல் நிற்காது.

ஒரு விஷயம், எங்கள் மாமியாருக்கு வட்டிலப்பத்தில் பொடி ஓட்டை இருந்தால்தான் பிடிக்கும், கருப்பட்டிப் பாகு அதில் இறங்கி நிற்குமாம். ஆளுக்கொரு ருசி.

வியாசை அம்மு:

அக்கா, அந்தக் கரண்டிக் காம்பு வேலை எனக்குத் தோன்றவே இல்லை. என் மூடி அவ்வளவு இறுக்கம், ஆவி எல்லாம் உள்ளேயே. அதே சூட்டில் பாலும் வெல்லமும் போட்டு ஒரு கஸ்டர்ட் செய்யலாமா? எங்கள் அத்தைக்குச் சர்க்கரையைவிட வெல்லம் பிடிக்கும்.

மண்ணடி மருமகள்:

மாட்டுப் பாலில் வெல்லத்தைப் போட்டுக் கொதிக்க வைத்தால் திரிந்துவிடும் கண்ணு. தேங்காய்ப்பாலில் அந்தப் பயம் இல்லை. வட்டிலப்பமாகவே செய்துவிடுங்கள். பெரிய முட்டை ஐந்து, கெட்டியான முதல் பால் ஒரு டம்ளர், வெல்லம் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக. வெல்லத்தை ஒரு கை தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, நன்றாக ஆறவைத்து முட்டையில் சேருங்கள். சூடாக ஊற்றினால் முட்டைப் பொரியல்தான்.

ராயபுரம் ஓவன்காரன்:

சரி, மண்ணடி லாத்தா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். மென்மை என்று பார்த்தால் மெல்லிய ஆவியில் வந்ததும் ஓவனில் வந்ததும் கண்ணைக் கட்டிச் சாப்பிட்டால் பெரிதாகப் பிரித்துச் சொல்ல முடியாது. கேரமல் கஸ்டர்ட் எப்படியும் கவிழ்க்கத்தான் போகிறோம், மேல் தோல் அடியில் போய்விடும். ஆனால் ஜாதிக்காய் தூவிச் சுட்ட கஸ்டர்டின் அந்தப் பழுப்பு மேல்பாகம் ஆவியில் வராது. அந்த ஒன்றில் நான் இறங்கி வர மாட்டேன்.

சௌகார்பேட்டை சைவம்:

முட்டை சாப்பிடாதவர்களும் இந்த இழையைப் படிக்கிறோம். எங்களுக்கும் ஒரு வழி உண்டு. கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம், துணியில் கட்டித் தொங்கவிட்ட புளிக்காத தயிர் 200 கிராம், காய்ச்சி ஆறிய கெட்டிப் பால் 200 மி.லி., ஏலக்காய்த் தூள், விருப்பப்பட்டால் குங்குமப்பூ. கட்டியில்லாமல் கலந்து கிண்ணத்தில் ஊற்றி, மேலே சொன்ன அதே மெல்லிய ஆவியில் 20 முதல் 25 நிமிடம். வங்காளத்தில் பாப்பா தோய் என்பது இதுதான். மின்ட் தெருப் பக்கம் நல்ல தயிர் கிடைக்கும், காலையிலேயே வாங்கிவிடுங்கள். வெயிலில் மதியத்துக்குள் புளிப்பேறிவிடும், புளித்த தயிரில் செய்தால் எலுமிச்சை பிழிந்த பால்கோவா சாப்பிட்ட கதை.

தண்டையார்பேட்டை தம்பி:

இதற்கும் கேரமல் ஊற்றலாமா?

சௌகார்பேட்டை சைவம்:

ஊற்றலாம். ஆனால் கண்டென்ஸ்டு மில்க்கின் இனிப்பே போதும். கவிழ்த்தால் முட்டை கஸ்டர்ட் அளவுக்கு விறைப்பாக நிற்காது. மண் சட்டியில் வைத்து அப்படியே கொடுங்கள்.

கொருக்குப்பேட்டை கெமிஸ்ட்:

முட்டை இல்லாமல் சூட்டில் தானாக உறைகிற பால் ஒன்று உண்டே, சீம்பால். கன்று ஈன்ற பசுவின் முதல் சில வேளைப் பாலில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் ஏராளம், அவைதான் ஆவியில் வைத்ததும் கட்டியாகின்றன. கொருக்குப்பேட்டையில் மாட்டுக் கொட்டகை வைத்திருப்பவர்கள் கன்று போட்டால் இன்னமும் அக்கம்பக்கத்துக்கு ஒரு சொம்பு கொடுத்தனுப்புகிறார்கள். எங்கள் தெருத் தெலுங்குக்காரர்கள் ஜுன்னு என்பார்கள். முதல் நாள் பால் ரொம்பக் கெட்டி, அதில் சாதாப் பால் கலந்து சர்க்கரையோ நாட்டுச் சர்க்கரையோ ஏலக்காயோ போட்டு ஆவியில் வைத்தால் கத்தியால் வெட்டலாம். சைவம் அவர்களே, அடுத்த தடவை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

பட்டாளம் பேக்கரி:

நான் பேக்கரி வைத்திருக்கிறேன், கஸ்டர்ட் தினமும் போகும். பன்னிரண்டு பேருக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அரை லிட்டர் பால், நான்கு முட்டை, சர்க்கரை எல்லாம் சேர்ந்தால் சுமார் முக்கால் லிட்டர் கலவை வரும். 125 மி.லி. கிண்ணம் என்றால் ஆறு. அப்படியே இரட்டிப்பாக்குங்கள். ஒரு லிட்டர் பால், எட்டு முட்டை, 160 கிராம் சர்க்கரை, கேரமலுக்குத் தனியாக 200 கிராம். கிண்ணத்துக்கு ஒரு மேசைக்கரண்டி கேரமல். கேரமலை மட்டும் ஒரே தடவையில் 200 கிராமும் காய்ச்ச வேண்டாம், ஏழாவது கிண்ணத்துக்குப் போகும்போது பாத்திரத்திலேயே இறுகிவிடும். இரண்டு தடவையாகச் செய்யுங்கள்.

கிண்ணம் வாங்க ஈவ்னிங் பஜார் பக்கம் போனால் மெல்லிய அலுமினிய அச்சு டஜன் கணக்கில் கிடைக்கும். எவர்சில்வர் பாயசக் கிண்ணமும் சரிதான், வாய் அகன்று அடி குறுகியதாகப் பாருங்கள். பீங்கானில் சூடு மெதுவாக ஏறும், ஐந்து பத்து நிமிடம் கூடுதலாகும். உலோகக் கிண்ணம், கலவை வெதுவெதுப்பு, சிம் தீ என்றால் 15 நிமிடத்தில் ஒரு கிண்ணத்தைத் தட்டிப் பார்க்க ஆரம்பியுங்கள்.

உங்கள் பானையில் தட்டையான தட்டு வைத்தால் நான்கைந்து கிண்ணம் நிற்கும். மூன்று ஈடு ஆகும். குக்கரையும் இறக்கினால் வேலை சீக்கிரம், கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிடுங்கள். அழுத்தம் ஏறினால் 100 டிகிரியையும் தாண்டும். ஈட்டுக்கு நடுவில் மிச்சக் கலவையை ஒரு தடவை கலக்கிவிட்டு ஊற்றுங்கள், சர்க்கரை அடியில் தங்கிவிடக் கூடாது.

சனிக்கிழமை சாயங்காலமே செய்துவிடுங்கள். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தால்தான் அடியில் இறுகின கேரமல் கரைந்து சாறாகும். செய்த அன்றே கவிழ்த்தால் பாதி கேரமல் கிண்ணத்திலேயே ஒட்டியிருக்கும். பாலும் முட்டையும் சேர்ந்த பண்டம், நம் ஊர் வெக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். சாப்பாடு முடிந்தபின் கவிழ்த்தால் போதும். ஃப்ரிட்ஜில் மீன், பிரியாணி இருக்கிற தட்டில் மூடாமல் வைக்காதீர்கள், கஸ்டர்ட் எல்லா வாசனையையும் இழுத்துக்கொள்ளும்.

கவுச்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். முட்டை அளவுக்கு மீறி வெந்தாலே கந்தக வாசனை கிளம்பும், வேகவைத்த முட்டையில் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் விழுமே, அதே கதை. தீ சரியானால் பாதி போய்விடும். மீதிக்கு வெனிலாவோடு ஒரு துளி ஜாதிக்காய்த் தூள். ஆரஞ்சுத் தோலின் மேற்பகுதியைத் துருவி, பால் சூடாகும்போது போட்டு வடிகட்டினாலும் நன்றாக இருக்கும்.

வியாசை அம்மு:

இன்று ஆறு கிண்ணம் மட்டும் செய்து பார்த்தேன். அங்கிள் அளவு, அக்காவின் கரண்டிக் காம்பு. 17 நிமிடத்தில் எடுத்தேன். ஒரு ஓட்டைகூட இல்லை! ஆனால் கிண்ணத்தின் ஓரமாகப் பழுப்புத் தண்ணீர் தெரிகிறது. மறுபடி நீர் விடுகிறதா?

கொருக்குப்பேட்டை கெமிஸ்ட்:

பழுப்பு என்றால் அது கேரமல் கரைகிற சாறு, நல்ல அறிகுறி. நிறமில்லாத வெறும் நீர் தேங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

வியாசை அம்மு:

அப்பாடா. கவிழ்ப்பது எப்படி? மெல்லிய கத்தி விட்டால் போதுமா?

பட்டாளம் பேக்கரி:

கத்தியை ஒரே சுற்று, கிண்ணத்துச் சுவரோடு ஒட்டி. பாதியில் எடுத்து எடுத்துச் செருகினால் ஓரம் கந்தலாகும். அப்புறம் கிண்ணத்தின் அடியைச் சுடுதண்ணீரில் பத்து விநாடி வையுங்கள். மேலே தட்டைக் கவிழ்த்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே திருப்பு, ஒரு உலுக்கு. காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டதும் கிண்ணத்தைத் தூக்கலாம். கொஞ்சம் குழிவான தட்டு எடுங்கள், இல்லையென்றால் சாறு மேசைக்கு ஓடிவிடும்.

தண்டையார்பேட்டை தம்பி:

அக்கா, உடைந்துபோகிற கிண்ணம் இருந்தால் தண்டையார்பேட்டைக்குப் பார்சல் அனுப்புங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அந்த கேரமல் பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பதற்கு ஏதாவது வழி இருக்கிறதா? அம்மா போன தடவை எங்கள் வீட்டுப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டுத் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

பெரம்பூர் லோகோ:

தேய்க்கவே வேண்டாம் தம்பி. பாத்திரம் நிறையத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் கொதிக்க வை, தானாகக் கரைந்துவிடும். தண்ணீருக்குப் பதில் ஒரு டம்ளர் பால் ஊற்றிச் சூடு பண்ணினால் கேரமல் பால், அதைக் கொட்டாமல் குடிக்கலாம். எங்கள் வீட்டில் அதற்குத்தான் சண்டை.